வெளுத்த பாலிகை

வெளுத்துப்போன பயிரைப் பார்த்தால் மற்றவர்களுக்கு ஐயோ என்றிருக்கும். எனக்கு முதலில் சிரிப்பு வரும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

போன வாரமும் அப்படித்தான் ஆயிற்று. சிதம்பரத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மேல்வீட்டில் ஒரு பெண் குழந்தை இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று ஒரு டம்ளரில் மண் போட்டுப் பயறு ஊன்றி, அட்டைப் பெட்டிக்குள் மூடி வைத்திருந்தாளாம். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு அழுதுகொண்டே படியிறங்கி வந்தாள். "மஞ்சளா ஆயிடுச்சு பாட்டி, செத்துப்போச்சு" என்றாள். நான் சிரித்துவிட்டேன். "சாவல கண்ணு. ஜன்னல்ல கொண்டுபோய் வையி, நாளைக்குப் பாரு" என்றேன்.

மறுநாள் அது பச்சை பிடித்துவிட்டது. குதித்துக்கொண்டு வந்தவள், உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க எந்தக் கிளாஸ் வரைக்கும் படிச்சீங்க என்று கேட்டாள். யாராவது நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்டால் இந்த வயதிலும் எனக்கு வாய் கட்டிக்கொள்ளும். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, ஒன்றும் இல்லை. அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன். எழுதும்போது யாரும் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

நான் ஐந்தாவது படித்த வருஷம், ஆவணியில் என் அக்காவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு கடலூரில், செம்மண்டலத்தில். இப்போது போய்ப் பார்த்தால் வீட்டோடு வீடு ஒட்டிக் கிடக்கிறது. அப்போது வீட்டுக்குப் பின்னால் தோட்டமும், தோட்டத்துக்குப் பின்னால் நெல் வயலும் இருந்தன. எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான் நடக்கும். முடிந்ததும் பெண் வீட்டார் ஊர் திரும்பிவிடுவார்கள். புதுப்பெண்ணுக்குத் துணையாக ஒரு சின்னப் பெண்ணை மட்டும் விட்டுவிட்டுப் போவார்கள். அந்தச் சின்னப் பெண்ணாக என்னை விட்டுவிட்டுப் போனார்கள். உனக்குச் சம்மதமா என்று என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் பதில் சொல்லியிருக்கமாட்டேன்.

அந்த வீட்டில் நான் பயந்த ஆள் அக்காவின் மாமியார். நல்ல உயரம், கனத்த உடம்பு. அவர் நடந்து போனால் சாமி விளக்கின் சுடர் ஆடும். பேச்சு மட்டும் கிடையாது. சோறு வேண்டுமா என்பதைக்கூடக் கரண்டியைத் தூக்கிக் காட்டித்தான் கேட்பார். அவரை 'அத்தை' என்று கூப்பிட வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நான் அவரைக் கூப்பிடவே இல்லை. அவர் கரண்டியைத் தூக்கினால் தலையை ஆட்டுவேன். அதோடு சரி.

பேச்செல்லாம் அவருடைய நாத்தனாரிடம் இருந்தது. வடலூரில் வாழ்க்கைப்பட்டவர் என்பதால் 'வடலூர் அத்தை' என்பார்கள். மாமாவுக்கு, அதாவது அக்காவின் புருஷனுக்கு, அவர் சொந்த அத்தை. அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகள் இருந்தாள். அந்த மகளை மாமாவுக்குக் கொடுக்க அவர் ஆசைப்பட்டதும் அது நடக்காமல் போனதும் பாத்திரம் தேய்க்க வந்தவர்கள் வரைக்கும் தெரிந்த கதை. ஆனாலும் கல்யாணத்துக்கு வந்து எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தினார். எந்தச் சடங்கை எப்படிச் செய்ய வேண்டும் என்று அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

பாலிகையும் அப்படித்தான். கல்யாணத்தின்போது வாயகன்ற சின்னச் சின்ன மண் கிண்ணங்களில் மண்ணும் எருவும் போட்டு, ஊறவைத்த நவதானியத்தைச் சுமங்கலிகள் தூவுவார்கள். தண்ணீர் தெளித்துப் பார்த்துக்கொள்வது புதுப்பெண்ணின் வேலை. பயிர் வந்ததும் ஒற்றைப்படை நாளாகப் பார்த்து ஆற்றில் கொண்டுபோய்க் கரைப்பார்கள். பயிர் எப்படி வருகிறதோ அப்படித்தான் அவள் காலெடுத்து வைத்த குடும்பமும் வரும் என்பார்கள்.

வழக்கமாகப் பாலிகை பந்தலில் இருக்கும். அந்த வருஷம் கல்யாணத்தன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. பந்தலைப் பிரிக்க வேண்டியதாயிற்று. கோழிகள் வேறு. "உள்ள கொண்டு வைங்க. ஊருக் கண்ணெல்லாம் படவேணாம்" என்றார் வடலூர் அத்தை. நெல் மூட்டை அடுக்கும் அறையில் கிண்ணங்களை வைத்து, மேலே பெரிய கூடையைக் கவிழ்த்துவிட்டார்கள். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. தைப்பூசம் தவறாமல் ஜோதி பார்க்கிற மனுஷி அவர். பாலிகையை மட்டும் இருட்டில் வைக்கச் சொன்னார்.

கூடையைத் தூக்கக்கூடாது, பின்னல் சந்து வழியாகத்தான் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்றும் அவர் கட்டளை. அக்கா தினம் விடிந்ததும் குளித்து, ஈரத் தலையோடு அந்த இருட்டறைக்குள் போய்த் தண்ணீர் தெளித்துவிட்டு வருவாள். கூடவே நான் சொம்பு பிடித்துக்கொண்டு போவேன்.

கரைக்கிற நாள் வந்தது. காலையிலேயே தெருப் பெண்கள் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். அரிக்கேன் விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வடலூர் அத்தை கூடையை எடுத்தார்.

பயிர் நன்றாகத்தான் வளர்ந்திருந்தது. கொஞ்சம் அதிகமாகவே வளர்ந்திருந்தது. நூல் நூலாக நீண்டு, தலை கனத்து ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தது. ஆனால் பேருக்குக்கூடப் பச்சை இல்லை. தண்டெல்லாம் வெள்ளை. நுனியில் சுருண்ட இலை மட்டும் வெளிறின மஞ்சள்.

வடலூர் அத்தைதான் முதலில் பேசினார். "நானும் எத்தினியோ கல்யாணம் பாத்துருக்கேன். இப்புடி சோகை புடிச்ச பயிரு பாத்ததில்லம்மா" என்றார். பின்னால் நின்ற ஒருத்தி, "பொண்ணு கையி அப்புடி" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் எல்லோருக்கும் கேட்டது.

அக்கா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். எனக்கு அவள் கைதான் தெரிந்தது. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

வடலூர் அத்தை கூடத்தில் உட்கார்ந்து என்ன செய்வது என்று சொல்ல ஆரம்பித்தார். இன்றைக்கே இதைக் கரைத்துவிட வேண்டும். பெண்ணை அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். ஜோசியரைப் பார்த்து, பரிகாரம் செய்து, நல்ல நாள் வந்தால் கூப்பிட்டுக்கொள்ளலாம். "வந்தா" என்று இரண்டு தடவை சொன்னார்.

உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டதும் எனக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. அக்காவை அனுப்பினால் நானும் போகலாம். நாளைக்கே அம்மாவின் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தேன். கல்யாணமாகிப் போனவள் ஒரு வாரத்துக்குள் பெட்டியோடு திரும்பி வந்தால் எங்கள் தெருவில் என்ன பேசுவார்கள் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரியும். நானே கதவுக்குப் பின்னால் நின்று அப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன்.

அப்போதுதான் மாமியார் வாயைத் திறந்தார். "இன்னிக்கு வேணாம்" என்றார்.

"ஏம்மா, இன்னிக்கு ஒத்தப்பட நாளு."

"என் தம்பி வரல. தாய்மாமன் இல்லாம எப்புடிக் கரைக்கிறது?"

அவர் தம்பி பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர். வடலூர் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அவனா? தாலி கட்டுறப்பவே பந்தியில குந்தியிருந்தவன். அவன் வந்துதான் கரைக்கணுமா?"

"வரட்டும் அண்ணி. அடுத்த ஒத்தப்பட நாளுக்கு வச்சிக்கலாம்" என்றார் மாமியார். அதோடு நிறுத்தவில்லை. "பயிரு இப்புடி வந்ததுக்குத் திருவந்திபுரம் போய் ஒரு அர்ச்சன பண்ணிட்டு வாங்க. நீங்க பெரியவங்க. நீங்க கேட்டாத்தான் பெருமாளு குடுப்பாரு. அங்க உங்க சின்ன மாமியா வீட்டுல தங்கிட்டு நெதானமா வாங்க" என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. வடலூர் அத்தை கொஞ்சம் யோசித்தார். பெரியவங்க என்ற சொல் அவருக்குப் பிடித்திருந்தது. சாப்பிட்டுவிட்டு வண்டி கட்டச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயங்காலம் அக்கா அடுக்களைப் பக்கத்து அறையில் உட்கார்ந்து அழுதாள். எனக்கு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. அதை எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் வாத்தியார் ஒருநாள் எங்களை வெளியே கூட்டிவந்து, பள்ளிக்கூடத்துப் புல்லின் மேல் ஒரு செங்கல்லை வைத்து, யாரும் தொடக்கூடாது என்றார். சில நாள் கழித்து எடுத்தபோது அடியிலிருந்த புல் வெளுத்துக் கிடந்தது. "செடிக்கு இலைதான் அடுப்பு, வெயில்தான் நெருப்பு. தண்ணியும் காத்தும் சேத்து அது தானே சமைச்சி தானே சாப்புடுது. நீங்க நெருப்ப அணைச்சிட்டீங்க" என்றார். நாங்கள் எங்கே அணைத்தோம், செங்கல்லை வைத்தவர் அவர்தான் என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. கல்லை எடுத்த பிறகு தினமும் போய்ப் பார்த்தேன். புல் பழையபடி பச்சையாகிவிட்டது.

இதை அக்காவிடம் சொல்ல நினைத்தேன். வாயில் வந்தது, "அக்கா, செங்கல்லுக்கு அடியில புல்லு இருக்குல்ல" என்பதுதான்.

"எந்த செங்கல்லு?" என்றாள் அக்கா, மூக்கைச் சிந்திக்கொண்டே.

"பள்ளிக்கூடத்து செங்கல்லு. வாத்தியாரு வச்சது. எடுத்தா பச்சையா ஆயிடும்."

"என்னாடி ஒளர்ற? நானே செத்துக்கிட்டு இருக்கேன், செங்கல்லாம் செங்கல்லு."

நிமிர்ந்து பார்த்தேன். வாசற்படியில் மாமியார் விளக்கோடு நின்றுகொண்டிருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படியே போய்விட்டார்.

விடிந்ததும் அக்காவுக்கு முன்னால் எழுந்து நெல் அறைக்குப் போனேன். கூடை மல்லாந்து கிடந்தது. கிண்ணங்கள் இல்லை. போச்சு, தூக்கிக் கொட்டிவிட்டார்கள், அடுத்து அக்காவைத்தான் அனுப்புவார்கள் என்று அழுகை வந்துவிட்டது. தோட்டத்துக் கதவு திறந்திருந்தது. மெல்ல எட்டிப் பார்த்தேன்.

மாமியார் நெல் காயவைக்கும் களத்தில் குந்தியிருந்தார். கிண்ணங்களையெல்லாம் வரிசையாக வெட்டவெளியில் வைத்திருந்தார். தென்னை ஈர்க்கை ஒடித்துக் கிண்ணத்தைச் சுற்றிக் குத்தி, சாய்ந்து கிடந்த பயிரை நிமிர்த்தி, வாழைநாரால் தளரக் கட்டிக்கொண்டிருந்தார். அவ்வளவு பெரிய விரல்கள். ஒரு பயிர்கூட ஒடியவில்லை.

திரும்பாமலே, "என்னா பாக்குற? அந்தக் குச்சிய எடுத்துக்க. காக்கா வந்தா ஓட்டு" என்றார்.

அக்காவைக் கூப்பிட்டு வரச் சொன்னார். அவள் வந்து கிண்ணங்களைப் பார்த்து நின்றாள். சொம்பை அவள் கையில் கொடுத்து, "தண்ணி நீயே தெளி. உன் கையால வந்ததாத்தான் இருக்கணும்" என்றார். அக்கா அவசரமாகத் தெளித்ததில் பாதித் தண்ணீர் என் காலில் விழுந்தது.

எல்லாம் சரி, வெயிலைக் காணோம். மழை விட்ட வானம் சாம்பல் பூசின மாதிரி கிடந்தது. நான் குச்சியோடு உட்கார்ந்து காக்கையைப் பார்த்ததைவிட மேகத்தைத்தான் அதிகம் பார்த்தேன். நெருப்பு இல்லாமல் எப்படிச் சமைக்கும்? எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். சாமிகளிடம் பேச எனக்கு வெட்கம் கிடையாது, மனதுக்குள்ளேயே பேசிக்கொள்ளலாம்.

இட்லிப் பானை இறக்குகிற நேரத்துக்கு மேகம் கிழிந்தது. முதலில் வயல் மேல் வெயில் விழுந்து, அப்படியே நகர்ந்து வந்து களத்தில் ஏறியது. கிண்ணத்துப் பயிர்மேல் பட்டதும் அது கண்ணாடி மாதிரி ஒளி விட்டது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது. கோழி ஒன்று வந்ததால் அதன்மேல் குதித்தேன்.

பிறகு அன்றைக்கெல்லாம் மாமியார் உள்ளேயும் வெளியேயுமாக இருந்தார். முருங்கை மர நிழல் நகர்ந்து கிண்ணத்தின்மேல் விழுந்தால் எப்படித்தான் அவருக்குத் தெரியுமோ, மாவுக் கையோடு வெளியே வந்து கிண்ணங்களை இரண்டு அடி தள்ளி வைத்துவிட்டுப் போவார். போகும்போது என் மடியில் எதையாவது போட்டுவிட்டுப் போவார். ஒரு தடவை முறுக்கு, ஒரு தடவை வெல்லக்கட்டி.

பொழுது சாயும்போது மஞ்சள் இலையின் நுனியில் பச்சை ஊறியிருந்தது. இருக்கிறதா, நமக்குத்தான் அப்படித் தெரிகிறதா என்று சந்தேகமாக இருந்தது. அக்காவைக் கேட்டேன். அவளும் குனிந்து குனிந்து பார்த்து, "இருக்கற மாதிரிதான் தெரியிது" என்றாள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு அவள் முகம் அப்போதுதான் கொஞ்சம் தெளிந்தது. மறுநாள் காலை ஒரு பொழுது வெயிலும் பட்டதும் சந்தேகமே இல்லாமல் போயிற்று. நாற்றங்கால் பச்சை. ஈர்க்கையெல்லாம் பிடுங்கிப் போட்டோம், பயிர் தானாகவே நின்றது.

வடலூர் அத்தை குங்குமப் பிரசாதத்தோடு வந்து இறங்கினார். கிண்ணங்களைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"வெளுத்தில்ல இருந்துச்சி?"

"நீங்க போயி வேண்டிக்கிட்டு வந்தீங்கல்ல அண்ணி" என்றார் மாமியார்.

வடலூர் அத்தை கிண்ணத்தைப் பார்த்தார், மாமியாரைப் பார்த்தார், கையிலிருந்த குங்குமத்தைப் பார்த்தார். பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "நின்ன எடத்துலயே கண்ணுல தண்ணி வந்துடுச்சிம்மா எனக்கு. அப்பவே தெரியும், பெருமாளு உத்தரவு குடுத்துட்டாருன்னு" என்று சொல்லி, அக்காவின் நெற்றியில் அவரே குங்குமம் வைத்தார். அன்றைக்குத் தெரு முழுக்க அவர்தான் இதைச் சொல்லிக்கொண்டு போனார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பெருமாள் இல்லை, வெயில். செங்கல்லுக்கு அடியில் புல். என் வாழ்க்கையில் முதல் தடவையாகப் பெரியவர்கள் நடுவில் பேசுவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாயில் மாமியார் ஒரு அதிரசத்தை வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்துப் பெண்ணாடத்துத் தம்பி வந்து சேர்ந்தார். "எதுக்குக்கா ஆளு விட்டு கூப்புட்ட? லீவு போட்டுட்டு ஓடியாறேன். யாருக்காவது ஒடம்பு சரியில்லியா?" என்று கூடத்தில் நின்று சத்தமாகக் கேட்டார். "மொதல்ல காப்பியக் குடி" என்று அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார் மாமியார்.

சாயங்காலம் கெடிலம் ஆற்றுக்குப் போனோம். அக்கா முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கிண்ணங்களை ஒவ்வொன்றாக விட்டாள். பச்சைப் பயிர் கொஞ்ச தூரம் நின்றபடியே மிதந்து போய்ப் பிறகு கவிழ்ந்தது. மாமா கரையில் நின்று அக்காவுக்குக் கை கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். வடலூர் அத்தையும்தான்.

என் வாத்தியார் சொல்லிக்கொடுத்ததை நான் சொல்லி, அதைக் கேட்டுத்தான் மாமியார் கிண்ணங்களை வெயிலில் வைத்தார், அக்காவைக் காப்பாற்றியது நான்தான் என்று அன்றைக்கு நினைத்தேன். ரொம்ப வருஷம் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் செங்கல்லைப் பற்றி உளறியது சாயங்காலம், அவர் 'இன்னிக்கு வேணாம்' என்று சொன்னது காலையில் என்பதை நான் கணக்குப் போட்டுப் பார்க்கவே இல்லை. ஐந்தாவதோடு என் படிப்பு நின்றுபோனது. தெரிந்தது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் இப்படி ஒரு பெருமை.

அந்தப் பெருமையில்தான், ஆற்றிலிருந்து திரும்பும்போது மற்றவர்களை முன்னால் விட்டுவிட்டு நான் மாமியாரோடு நடந்தேன். அவரை முதல் தடவையாகக் கூப்பிட்டேன்.

"அத்த, உங்க கல்யாணத்துலயும் பாலிகை வச்சாங்களா?"

"வச்சாங்க. இதே வீட்டுலதான். அப்பவும் மழை. அதே ரூமு, அதே கூடை."

"பச்சையா வந்துச்சா?"

"வெளுத்துதான் வந்துச்சி. அப்புடியே ஆத்துக்குக் கொண்டாந்தாங்க." ஈரப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தார். "மொத புள்ள பொறக்கற வரைக்கும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க."

எனக்குப் புரியவில்லை. "அன்னிக்கு மறுநாளு வெயில் அடிக்கலியா அத்த?" என்று கேட்டேன்.

அவர் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "அடிச்சிது. கடலூர்ல வெயிலுக்கு என்னா பஞ்சம்" என்று சொல்லி என் தலையில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

வெயில் அடித்திருக்கிறது. களமும் இருந்திருக்கிறது. பிறகு ஏன் யாருமே கிண்ணங்களை எடுத்து வெளியே வைக்கவில்லை? செம்மண்டலம் வரும் வரைக்கும் யோசித்தேன். கடைசியில், அன்றைக்குக் காக்கை ஓட்ட என்னைப் போல ஒரு ஆள் அவருக்குக் கிடைத்திருக்கமாட்டாள் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். பாவம் என்று நினைத்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டேன். அதற்கு மேல் அன்றைக்கு எனக்கு எட்டவில்லை.